நகர்த்திய கல்

எங்கள் பக்கம் ஏற்றம் என்று எதுவும் கிடையாது.
தலைஞாயிறு தாண்டினால்
மிக உயரமான இடம் நான் வேலை பார்க்கும் மதகு.
அதற்கு ஏழு படி.
ஏழாவதில் நின்றால் உப்புக்காற்று முகத்தில் படும்,
இறால் குட்டையில் சுழலும் சக்கரங்கள் தெரியும்,
வராத பேருந்தின் சாலை முழுவதும் தெரியும்.
போன வாரம்வரை எனக்கு அதுதான் மலை.

முழங்கால் இன்னும் வலிக்கிறது.
படியில் பக்கவாட்டாக இறங்குகிறேன், நண்டுபோல.
"விழுந்திட்டீங்களாக்கா?" என்றான் வைரக்கண்ணு.
மலை ஏறினேன் என்றேன்.
"கோயிலா?"
இல்லை.
"பின்னே மேல என்னதான் இருந்துச்சு?"
புல் இருந்தது.
என்னை ஒருமுறை பார்த்துவிட்டு
வயலுக்குப் போனான்.

குடகில் ஒரு மலை. பெயரைச் சொன்னால்
எங்கள் ஆபீஸே வேன் பிடித்துவிடும்.
சாவடியில் காவலர் கன்னடத்தில் கேட்டார்.
தனியாகவா என்றுதான் கேட்டிருப்பார்;
எல்லா மொழியிலும் அந்தக் கேள்விக்கு ஒரே புருவம்.
நீர்வளத்துறை அடையாள அட்டையை நீட்டினேன்.
தண்ணீர் கேட்டு வந்தவள் என்று நினைத்தாரோ என்னவோ,
வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
ஐந்து மணிக்குள் இறங்கு என்று
ஐந்து விரல் விரித்தார்.

சமதளத்துக் கால்கள்.
வரப்பில் வழுக்காமல் நடக்கத் தெரியும்,
தொடையளவு சேற்றில் நடக்கத் தெரியும்.
ஒவ்வோர் அடியும் முந்தைய அடிக்கு மேலே இருக்கும் என்பது
அவற்றுக்கு யாரும் சொல்லாத செய்தி.
சோலைக்குள் அட்டைகள்.
வேதாரண்யத்து உப்பு ஒரு பொட்டலம் கொண்டுபோயிருந்தேன்,
அன்று தடுமாறாமல் வேலை செய்தது அது மட்டும்தான்.
புல்வெளியில் இருபது அடி, நிற்பது.
இருபது அடி, நிற்பது.
ஷட்டர் சக்கரமும் இப்படித்தான்,
இருபது சுற்றுக்கு ஒரு விரற்கடை.

உச்சியில் யாரும் இல்லை.
இருபுறமும் சரிவு, நடுவில் பாய் அகலத்துக்கு நிலம்.
தூறல் பிடித்தது.
படம் எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.
குனிந்து, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன்.
வேறென்ன தெரியும் எனக்கு?

பாறை இடுக்கில் ஊசிக்கனத்தில் ஓர் ஓட்டம்,
மேற்கே போய்க்கொண்டிருந்தது.
அந்தப் பக்கம் அரபிக்கடல்.
இந்தப் பக்கம் நாங்கள்.

சுற்றிலும் பார்த்தேன்.
ஆளில்லாத மலையுச்சியில்
யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தேன்.
புளியங்கொட்டை பருமன் ஒரு கல்.
இல்லை, உள்ளங்கையளவு இருக்கும்.
நகர்த்தினேன்.
ஊசி தயங்கியது, கொஞ்சம் தேங்கியது,
கிழக்கே திரும்பியது.

போன வருடம் இதே வைரக்கண்ணு
முறையில்லாத இரவில் வாய்க்காலுக்குள் பனைமட்டை செருகினான்.
பதிவேட்டில் மூன்று வரி எழுதினேன்.
ஆயிரத்து ஐநூறு தண்டம்.
அவன் வீட்டுத் தோடு அடகுக்குப் போனது
பிற்பாடுதான் தெரியும்.

இறங்கும்போது பெருமழை.
கல் அங்கே நின்றிருக்காது.

இன்று காலை அளவுப்பலகையில் முப்பத்தைந்து சென்டிமீட்டர்.
அந்த ஊசி வருவதானால்
அணை அணையாக, மதகு மதகாக,
என்னைப்போல் எத்தனையோ பேரிடம் கேட்டுக்கொண்டுதான்
வந்து சேரவேண்டும்.

மூன்றாம் மடை வாயில் புதிதாக ஒரு மண்கட்டி,
புல்லோடு பெயர்த்தது.
காலடித் தடத்தைக்கூட அழிக்கவில்லை.
வைரக்கண்ணு முதுகைக் காட்டி நின்றான்.
காலால் தள்ளிப் பார்த்தேன், நகரவில்லை.
குனிய முழங்கால் விடவில்லை.
"இந்தாப்பா, இதை நீயே எடு."
வந்தான். எடுத்தான்.
தண்ணீர் போகிற பக்கம் பார்த்தபடி
இருவரும் நின்றோம்,
பதிவேடு என் கக்கத்தில், பேனா மூடியபடி.

கொஞ்சம் கழித்துக் கேட்டான்:
"ஏங்க்கா, அந்தப் புல்லை மாடு திங்குமா?"