எட்டுப் பாகம், சேறு

வரைபடத்தில் அந்தக் குடாவுக்கு நங்கூரக் குறி போட்டிருந்தது.
வழிகாட்டி நூலும் சான்று சொன்னது:
"மூன்று பக்கமும் மலை. நல்ல ஒதுக்கம்."
மகெல்லனுக்குத் தெற்கே, மார்ச் மாத மழையில்,
நான் ஏற்கெனவே மனத்துக்குள் காலுறையைக் கழற்றி
அடுப்பருகே காயப்போட்டுவிட்டேன்.

தானிட்சா எஞ்சினை மெல்ல உறுமவிட்டு
உள்ளே போகாமல் வாயிலிலேயே நின்றாள்.
தண்ணீரைப் பார்க்கவில்லை. மலையைப் பார்க்கவில்லை.
கரையோர மரங்களைப் பார்த்தாள்,
சந்தையில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பவள் மாதிரி.

"பார், ரெமிஹியோ. ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை."

உண்மைதான். கோய்கே மரங்கள் அத்தனையும்
மலையிலிருந்து கடல் பக்கமாகப் படிந்து கிடந்தன,
யாரோ ஈரக் கையால் வாரிவிட்ட தலைமுடி.
அங்கே காற்று வெளியிலிருந்து வருவதில்லை.
உச்சியில் குவிந்து, கனத்து,
மூட்டை அவிழ்ந்தாற்போல் தலையில் விழும்.
அரணென்று முதுகைக் கொடுத்தால்
அந்த மலையேதான் அடிக்கும்.

மணி ஏழு.
பாரோமீட்டர் காலையிலிருந்து பதினான்கு மில்லிபார் இறங்கியிருந்தது.
இரவு வடமேற்கு. விடியுமுன் தென்மேற்காகத் திரும்பும்.
"இன்னும் ஐந்து மைல்" என்றாள்.
நான் சொன்ன பதிலை இங்கே எழுதப் போவதில்லை.
பதினோரு ஆண்டு ஒரே படகில் வாழ்ந்தவர்களுக்குச்
சண்டை போட
இரண்டு சொல் தாராளம்.

இரண்டாவது இடம் பார்க்கச் சகிக்காது.
குட்டைத் தீவொன்றின் பின்னால்
சட்டைப்பை அளவு தண்ணீர்.
அருவி இல்லை, படம் எடுக்க ஒன்றுமில்லை.
வாயிலில் கெல்ப் பாசி
(பாசி மிதந்தால் கீழே பாறை,
இந்தப் பக்கத்தில் அதுதான் கலங்கரை விளக்கம்).
ஆனால் மரங்கள்!
நீர் விளிம்புவரை நெட்டுக்குத்தாக மரங்கள்,
தாடிபோல் தொங்கும் பாசிகூடக் கலையாமல்.

ஒரு நண்டுப் படகு எங்களுக்கு முன்பே அங்கே.
மஞ்சள் அங்கிக்காரர் கையசைக்கவில்லை.
தன் கயிற்றை இரண்டு பாகம் இளக்கி
எங்களுக்கு இடம் விட்டார்.

ஈயக் குண்டை இறக்கினேன். எட்டுப் பாகம்.
அடியில் தடவிய கொழுப்பில்
கறுப்புச் சேறு ஒட்டிக்கொண்டு வந்தது.
முகர்ந்தேன். அழுகிய முட்டை.
அந்த வாரம் முழுதும்
அவ்வளவு நல்ல செய்தி எனக்கு வரவில்லை.

நங்கூரம் விழுந்து, சங்கிலி ஓடி, நின்று, விறைத்தது.
அப்புறம் என் வேலை:
கயிற்று முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு
சிறுதோணியைக் கரைக்கு வலிப்பது,
வழுக்கும் பாறை, முழங்காலில் ரத்தம்,
ஒரு மரம், இன்னொரு மரம்.
நாலாவது கயிறு எட்டவில்லை.
கேட்கும் முன்பே நண்டுப் படகிலிருந்து
ஒரு சுருள் பறந்து வந்தது.
மீன் நாற்றம், தார் நாற்றம்.
அதையும் எங்கள் கயிற்றையும் முடிந்து
அவர்கள் கட்டியிருந்த அதே மரத்தில் கட்டினேன்.

நள்ளிரவில் அது வந்தது.
தலைக்கு மிக மேலே
சரக்கு ரயிலாகப் போய்க்கொண்டே இருந்தது.
கீழே தேநீர் கோப்பையின் விளிம்பைத் தொடவில்லை.

முதல் குடாவில் தங்கியிருந்தால்?
தெரியாது. ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம்.
நன்றாகத் தேர்ந்த இடத்தின் தொல்லையே இதுதான்:
சரியென்று காட்ட
எதுவும் நடப்பதில்லை.

நான்கு மணிக்குக் காற்று திரும்பியது.
அவள் எழுந்து போய்க் கயிறுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு
"மூன்று தொய்வு, ஒன்று விறைப்பு" என்று வந்து
பனிக்கட்டிக் காலை என் கெண்டைக்காலில் வைத்தாள்.
நான் விலக்கவில்லை. அது போதாதென்று தெரியும்.

காலையில் பதிவேட்டில் எழுதினேன்:
எட்டுப் பாகம், சேறு. மரங்கள் நேர். கொசு உண்டு.

வாசித்தாள். "அவ்வளவுதானா?"

பேனாவை மறுபடி திறந்து
"ஐந்து மைல் தள்ளி" என்று சேர்த்தேன்.
கொஞ்சம் யோசித்து, அடைப்புக்குறிக்குள்,
"தகும்."