பீவர் ஸ்ரீட்

லெஸ்ரர் நகரில் ஒரு கோழிக்கடை மாடி.
டாக்ஸி அலுவலகம். இரவுப் பணி எனக்கு.
ஒரு தொலைபேசி, ஒரு திரை,
நினைத்தால் மட்டும் எரியும் ஒரு ஹீட்டர்.
"கேட்பதை அப்படியே தட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை"
என்றார் முதலாளி ரமணிக்.
அவ்வளவுதான்.

முதல் வாரமே பனி.
ஒரு பெண், இருமலுக்கு நடுவே:
"பீவர் ஸ்ரீட்டுக்கு ஒரு கார்."
பி, ஈ, ஏ, வி, ஈ, ஆர்.
காது சொன்னதை விரல் அடித்தது.
திரையும் மறுக்கவில்லை,
ஊருக்கு வெளியே ஏழு மைல் தள்ளி
பீவர் சந்து ஒன்றைத் தேடிக் கொடுத்தது.
அப்திரஷீத் போய்ச் சேர்ந்தான்.
வயல். வேலி. வேலிக்குப் பின்னால்
போர்வை போர்த்திய ஒரு குதிரை.
"டாக்ஸி இவருக்கா?" என்றான் வயர்லெஸ்ஸில்.

அவளோ நகர நடுவில்,
என் ஜன்னலைத் திறந்து கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில்
நின்று இருமிக்கொண்டிருந்தாள்.
தலைக்கு மேல் பெயர்ப்பலகை:
பி, ஈ, எல், வி, ஓ, ஐ, ஆர்.
எல் எங்கே போயிற்று? ஓ எங்கே?
"பிரெஞ்சுக்காரன் வைத்த பெயர்,
இங்கிலீஷ்காரன் வாயில் விழுந்தது,
காசு போனது எனக்கு" என்றார் ரமணிக்.

இரவு முழுக்க அந்த இருமல் காதில்.
இருமலின் வாலில் ஓ, யு, ஜி, எச்.
அங்கே அந்த நால்வருக்கும் ஃப் என்று பெயர்.
ரொட்டி மாவின் வாலில் அதே நால்வர், ஓ என்கிறார்கள்.
மரக்கிளையில் அவ்.
ஊடாகப் போனால் வெறும் ஊ.
லஃப்பரோ என்றொரு ஊர், இங்கிருந்து பத்து நிமிட ரயில்.
அதில் நால்வரும் இரண்டு முறை வருகிறார்கள்,
முதலில் வந்தவர்களை
பின்னால் வந்தவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

கடனில் ஒரு பி உண்டு, வாய் திறக்காது.
ரசீதிலும் ஒரு பி, அதுவும் ஊமை.
இரண்டும் வேறு வேறு பி என்கிறார்கள்.
முன்பணம் வாங்கியவனுக்கு
இரண்டும் ஒன்றுதான்.

விடியும்போது சுவரில் ஒரு காகிதம் ஒட்டினேன்.
இடப்பக்கம் அவர்கள் எழுத்து, வலப்பக்கம் நம் எழுத்து.
தமிழ் ஏமாற்றாது, எழுதியபடி வாசிக்கலாம்
என்ற நிமிர்வோடு, பச்சை மையில்:
பீவர் ஸ்ரீட். க்ரூபி. லஃப்பரோ. லெஸ்ரர்.

காலைப் பணிக்கு வந்தான் இளம்பரிதி, மன்னார்குடிக்காரன்.
"அண்ணே, இதென்ன ஸ்ரீ? கோயிலா?"
"ஸ்ரீட், தம்பி. வீதி."
"அது ஸ்ட்ரீட்டுல்ல?"
"நாங்கள் இப்படித்தான் எழுதுவோம்."
"லெஸ்… ரர்?"
"ரர் இல்லை. ட்டர் மாதிரி."
"அப்ப ஏன் ர?"
வாயைத் திறந்தேன்.
நல்லவேளை தொலைபேசி அடித்தது.
அவன் காகிதத்தைப் பார்த்து, தெளிவாக,
பீர்க்கங்காயின் பீ போட்டு
"பீவர்?" என்றான்.
மறுமுனையில் நீண்ட மௌனம்.

பாவம் அவன்.
செய்கிற பாவம், முகத்தில் காட்டும் பாவம்,
எழுத்து ஒன்று, உதடு இரண்டு.
இதை யாரும் எனக்குச் சொல்லித் தந்ததாக நினைவில்லை.
காகிதத்தைக் கிழிக்கவில்லை. திருத்தவும் இல்லை.

மார்ச்சில் ஒரு நள்ளிரவு, அதே இருமல்.
கார் சரியாகப் போனது. பெயர் கேட்டாள்.
எழிலன் என்றேன்.
எப்படி எழுதுவது என்றாள்.
பிறப்புச் சான்றிதழில் எல், விசாவில் இஸட் எச்.
எதைச் சொல்ல? விசாவைச் சொன்னேன்.
"இஸட் எச்சா? எழுதியபடி சொல்ல மாட்டீர்களா நீங்கள்?"
மாட்டோம் அம்மணி என்று
நாக்கை மடிக்கும் விதம் சொன்னேன்.
முயன்றாள். எஸ். எல். எர்.
பிறகு இருமல் பிடித்துக்கொண்டது,
அதன் நடுவில் எங்கோ
ஏறக்குறைய ழ.