எழுநூற்று முப்பது

சரகோசாவில் ஜனவரி வந்தால்
சியேர்சோ என்றொரு காற்று
ஆற்றோடு இறங்கி வந்து
ஜன்னல் சட்டங்களைக் கடித்து ஆட்டும்.
ஓரோசியா இடுக்குகளில் பழந்துணி அடைத்தாள்.
மேசைமேல் காகிதக் கொக்கு.
மூச்சு பட்டாலும் காட்சி கெட்டுவிடும்.

ஒரு நொடிப் பறத்தலுக்குப் பன்னிரண்டு படம்.
இறக்கையை அரிசியளவு உயர்த்து,
கையை எடு, கிளிக்.
இன்னோர் அரிசி. கிளிக்.
அழித்ததெல்லாம் போக
பத்தொன்பது நாளில் நாலு நொடி.
ஓட்டிப் பார்த்தாள்.
கொக்கு மேலே போனது,
பறக்கவில்லை.
யாரோ அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"நல்லாத்தானே இருக்கு" என்றான் ப்ளாஸ்.
விளக்குக்காரன், சம்பளம் நின்று ரெண்டு மாதம்.
அவனுக்கு எல்லாமே
நன்றாகத்தான் இருந்தாக வேண்டும்.

மத்தியானம் சந்தைக்குப் போனாள்,
கொக்குக்காக அல்ல, பசி.
மீன்கடை எமெத்தேரியோ
மத்தியை அள்ளித் தராசில் போட்டு
காதில் செருகிய பென்சிலால்
காகித ஓரத்தில் எடை எழுதி
ரெண்டு மடிப்பு, ஒரு திருகு.
பொட்டலத்தைப் பளிங்கில் வைத்துவிட்டுச்
சில்லறை தேடத் திரும்பினான்.

அப்போது பொட்டலம் அசைந்தது.

மடிப்பொன்று மெல்ல நெகிழ்ந்து
முனை நிமிர்ந்து
எதையோ நினைத்துக்கொண்டதுபோல் நின்று
மறுபடி கொஞ்சம் நிமிர்ந்தது.
யாரும் தொடவில்லை.
காற்றுகூட அங்கே வராது.

"உயிர் இருக்கா இன்னும்?"
"மீனுக்கா? செத்து ஆறு மணி நேரமாச்சு.
இது காகிதம்மா,
சொன்ன பேச்சு கேட்காது."

மீதிச் சில்லறையை அவள் வாங்கவில்லை.

மீன் ப்ளாஸுக்குப் போனது, சம்பளக் கணக்கில்.
ஈரக் காகிதம் ரேடியேட்டர் மேல் காய்ந்து
நாறி
சாயங்காலம் கொக்கானது.
இம்முறை இறக்கையை உயர்த்தவில்லை.
அழுந்த மடித்து, விட்டுவிட்டு,
இரு கையையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டாள்.
இறக்கை தானாகப் பிரியப் பிரிய
முழங்காலால் பொத்தானை அமுக்கினாள்.
முப்பதாவது படத்தில்
ஜன்னல் துணி கழன்று
சியேர்சோ உள்ளே வந்தது.
கொக்கு மேசையைவிட்டு எழும்பி
எங்கோ மூலையில் போய் விழுந்தது.
முழங்கால் நிற்கவில்லை,
அதுவும் பதிவாகியிருந்தது.

படம் திரையிட்ட இரவில்
தாடிக்காரர் ஒருவர் எழுந்து கேட்டார்:
இடது இறக்கையில் தெரிகிற 730,
அது ஆண்டா, கைதி எண்ணா,
உட்பொருள் என்ன?

ஓரோசியா மைக்கை வாங்கி
"மத்தி" என்றாள்.
அரங்கம் ஆழ்ந்து யோசித்தது.
பின்வரிசையில் ப்ளாஸ் மட்டும்
வயிற்றைப் பிடித்துக்கொண்டு
வெளியே ஓடினான்.