ராவணன் மீசைக்கு ஒரு தாள்

பள்ளம் கடற்கரை. கல் கொட்டுவதற்கு முந்தைய வாரம்.
படிவத்தில் ஒரு கட்டம்: தாவரங்கள்.
மேற்பார்வையாளர் முன்னமே நிரப்பியிருந்தார்,
இல்லை, வெறும் மணல்.

அந்த இல்லையின் மேல் உட்கார்ந்தேன்.
உடனே எழுந்தேன்.

இலை, ஊசி.
விளிம்புகள் உள்ளே சுருண்டு ஓடைபோல் ஒடுங்கி
வெளிப்பக்கம் வளைந்து, மேலே மெழுகுச் சாம்பல்.
உறை முடிந்து இலை பிரியும் இடத்தில்
சவ்வு நாக்கு இல்லை, மயிர்வரிசை மட்டும்.
பேசாத புல் என்று எழுதத் தோன்றியது.
எழுதவில்லை.

டேப்பின் மறுமுனையைச் சேசடிமை பிடித்துக்கொண்டு நடந்தார்.
தண்டு மணல்மேல் ஓடுகிறது,
கணுவுக்குக் கணு கீழே வேர், மேலே ஒரு கொத்து.
காற்று மூடினால் அடுத்த கணுவில் தலை எடுக்கும்.
"பத்து மீட்டர். டேப்பு தீந்தாச்சு, செடி தீரல்ல."
அளவுக்காக அடித்த சிவப்புக் குச்சிகளில் மூன்று
ஒரே உடம்பில் நின்றன.

ஆயுள்: பல்லாண்டு.
எத்தனை ஆண்டு என்று கேட்டார்.
சுனாமி அன்றைக்கு இந்த மேடு இருந்ததா என்றேன்.
அவர் டேப்பைச் சுருட்டினார்,
மெதுவாக, மணலைத் தட்டித் தட்டி.

ஆண் தனிச் செடி, பெண் தனிச் செடி.
ஆண் கதிர்கள் விரல்போல் விரிந்து
கச்சானில் தூள் உதறும், அவ்வளவுதான் அதன் வேலை.
பெண்ணுக்குத் தலை உண்டு. பந்துபோல, பந்தைவிடப் பெரிதாக,
முள்ளுக்கு ஒரு சிறுகதிர் அடியில்,
அதற்குள் விதை இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.
ஊர் மீசை என்று சொல்வது இதைத்தான்.
முறுக்கி நிற்பது பெண்.

சேசடிமைக்கு இதில் சந்தோஷமில்லை.
"கரமடியில கேறிச்செண்ணா ஒரு நாள் பாடு போச்சு.
மீன எடுக்கவா, இத எடுக்கவா?"

பெண் தலையை அழுத்திப் பார்த்தேன்.
செய்தித்தாள், அட்டை, அதன்மேல் ஜீப்பின் ஸ்டெப்னி.
மணமகன் தேவை பக்கத்தில் எட்டு ஓட்டை.
பாதியாக வெட்டினால் தாளில் அடங்கும், அப்படித்தான் வழக்கம்.
கத்தரியை எடுத்தேன்.

அப்போது மேட்டில் முற்றிய இன்னொன்று காம்பை விட்டது.
முள் நுனிகளில் எழுந்து, நடந்து, ஓடி,
சிவப்புக் குச்சியில் முட்டி, யோசிப்பதுபோல் ஒரு சுற்றுச் சுற்றி,
கிழக்கே, மணக்குடிப் பக்கம்,
ஈரமணலில் தையல் போட்டுக்கொண்டே போனது.
சேசடிமை கண்மேல் கைவைத்துப் பார்த்தார்,
யார் மடி அங்கே காய்கிறதென்று.

சாயங்காலம் 'இல்லை'யை அடித்தேன்.
கட்டம் போதவில்லை. விளிம்பில் எழுதினேன்,
விளிம்பு தீர்ந்து பின்பக்கம் போனேன்.
பின்பக்கத்தை யாரும் புரட்டுவார்களா தெரியாது.
கல் லாரி திங்கட்கிழமை.

பெண் தலை ஜீப்பின் பின்சீட்டில்,
வெட்டுப்படாமல், தாளில்லாமல்,
சீட்டுறையைப் பிடித்துக்கொண்டு.