வாசிக்காத அடி

பத்தொன்பது வருடமாக என் வலது கைக்கு
ஒரே வேலைதான்.
ஒன்றில் சும்மா இருப்பேன், இரண்டில் வெட்டுவேன்.
மூன்றில் சும்மா, நான்கில் வெட்டு.
சக். சக்.
கருவாடு நறுக்குகிறவன் என்பாள் லிந்தால்வா.
கிதாரில் பெயிண்ட் தேய்ந்த இடத்தைப் பார்த்தே
நான் வாங்கிய சம்பளத்தைக் கூட்டிவிடலாம்.

சாவோ லூயிஸில் ரெக்கேயை யாரும் நின்று கேட்பதில்லை.
வீட்டு உயரத்துக்கு அடுக்கிய ஸ்பீக்கர் சுவரின் முன்னால்
நெற்றியோடு நெற்றி ஒட்டி
மீன்காரியும் பஸ் கண்டக்டரும் அணைத்தபடி ஆடுவார்கள்.
உருக்கும் பாட்டுக்கு இங்கே பெயர் ‘கல்’.
அவளிடம் ஆறு கல் இருந்தது.
ஆறையும் வைத்து ஒரு வீடு கட்டினாள்,
அதைப் புருஷன் விற்றான்.

போன மார்ச்சில் அவள் கழுத்தைத் திறந்து
ஒரு கட்டியை எடுத்தார்கள்,
கூடவே மேல் ஸ்தாயியையும்.
ஐந்தரைக் கட்டையில் பாடியவள்
மூன்றுக்கு வந்தாள்.
வெளியே படித்துறையில் கடல் வற்றி
படகுகள் சேற்றில் ஒருக்களித்துக் கிடந்தன.
“வற்றினால்தானே நண்டு பிடிக்கலாம்” என்றாள்
அந்தப் புதுக் கட்டைக் குரலில்.
நான் ஆறுதல் சொல்ல வாங்கிப் போன பழங்களை
நானே தின்றேன்.

டயர் கடைக்குப் பின்னால் ஒத்திகை.
வறண்ட உள்நாட்டிலிருந்து ஜெனிவால் வந்தான்,
மூன்று நரம்பு மிஞ்சிய பிடிலோடு.
மாட்டுக்கூத்தில் மரக்கட்டை தட்டும் பெண்கள் நால்வர்
தட்டுவதை நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தவில்லை.
அவள் தங்கை மகள் லேப்டாப்பில்
ஃப்ரிட்ஜ் உறுமுவது மாதிரி ஏதோ ஒன்றை ஓடவிட்டாள்.
மேலே அவள், பாட்டா பிரார்த்தனையா என்று தெரியாமல்.

எனக்கு மட்டும்: “நீ வாசிக்காதே.”
“பின்னே எதற்கு நான்?”
“நில். கையைத் தூக்கு.
இரண்டு வரும்போது இறக்காதே.”

நான்கு நாள் அவளோடு பேசவில்லை.

வளைகுடா தாண்டி அல்காந்தராவில் முதல் கச்சேரி.
முப்பத்தேழு பேர், ஒரு நாய்.
“கல்லைப் போடு! கல்லைப் போடு!” என்று கத்தினார்கள்.
அவள் என் தலையில்தான் போட்டாள்.
அடுத்த ஊரில் இளஞ்சிவப்பு சோடா பாட்டில் ஒன்று
பறந்து வந்து பிடிலில் பட்டது.
மூன்று நரம்பு இரண்டாயிற்று.
ஜெனிவால் அதற்கும் வாசித்தான், இன்னும் நன்றாகவே.

ஜூன் மாத இரவு, தேஸ்தேர்ரோ சதுக்கம்.
பாஸ் இறங்கியது,
மரக்கட்டைகள் திடீரென வாய் மூடின.
ஒன்று.
என் கை மேலே.
இரண்டு இருக்க வேண்டிய இடத்தில்
பல் விழுந்த ஓட்டை.
யாரோ சிரித்தார்கள்.
மறுபடி ஒன்று, மறுபடி ஓட்டை.

மருந்துக்கடைச் சீருடையில் ஒருத்தி,
இன்னும் பெயர்ப்பட்டையைக் கழற்றாதவள்,
கண்ணை மூடி
தோளால் அதை வாசித்தாள்.
அவளைப் பிடித்திருந்தவன் ரப்பர் செருப்பைத்
தரையில் இழுத்தான்: சரக்.
அப்புறம் இன்னொரு ஜோடி.
அப்புறம் எண்ண முடியவில்லை.
எட்டு நூறு செருப்பு, கருங்கல் தரை.
சரக். சரக்.
என் பத்தொன்பது வருடம்
கீழேயிருந்து எனக்கே கேட்டது.
கொஞ்சம் பிந்தித்தான் விழுந்தது.
அதுதான் சரி.

அவள் கூட்டத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை.
என் பக்கம் திரும்பி ஒற்றைப் புருவத்தை ஏற்றினாள், அவ்வளவே.
கடைசியில் ஆறில் ஒன்றைப் பாடினாள்.
இரண்டாம் சரணம் வரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.
தெரிந்தபோது ஒருவரும் கத்தவில்லை.

வேனில் சம்பளம் எண்ணினேன்.
இருபது ரியால் கூட இருந்தது.
திருப்பிக் கொடுத்தேன்.
“வைத்துக்கொள்” என்றாள்,
“தூக்கியே வைத்திருந்தால்
கை வலிக்காதா?”

வலித்தது.
வீடு போய்ச் சேரும் வரை
தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.
இரண்டிலும் நான்கிலும்.