வலது பக்கம் வந்து சொல்

முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன்.
அது சுற்றினால் பேச்சில் பாதியைத் தின்றுவிடும்.
ஆயிஷா பானு மேடம் எழுந்துபோய் அணைத்தார்.
பல்லடம் ரோட்டு லாரிகள்
சன்னல் வழியாக அறைக்குள் வந்து போயின.
நாலு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர்ப் பாட்டில்,
கதவோரம் அவனுடைய அம்மா.
அவன் எதிரே உட்காரவில்லை.
என் இடப்பக்கம், சுவரை ஒட்டி.

இரண்டு வருடம் கோர்ட்டில்
அவன் முதலாம் எதிரி,
நான் அரசுத் தரப்புச் சாட்சி ஒன்று.
துளசிமணி என்று ஒரு காகிதத்தில் இருந்ததாம்,
யாரும் கூப்பிடவில்லை.
அவன் பெயர் பூபதிராஜா என்பதே
இன்றைக்குத்தான் மனதில் நின்றது.

பேசினான். உதடு அசைவதைப் பார்த்தேன்.
நீளமாகத்தான் பேசினான் போல.
முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தான்.
மேடம் என்னைப் பார்த்தார்.

"அந்தக் காது கேக்காதுங்" என்றேன்.
"சங்கிலிய இழுத்தப்ப மைல்கல்லுல மோதுன காது அது.
வலது பக்கம் வந்து சொல்லு."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டு
என் முதுகுக்குப் பின்னால் சுற்றி வந்தான்.
அந்த மூன்று எட்டுக்கும்
நான் மூச்சு விடவில்லை.

இரண்டாம் தடவை அது வரவில்லை.
சிறையில் மனப்பாடம் செய்து வைத்ததெல்லாம்
இடப்பக்கமே தீர்ந்துபோயிருக்க வேண்டும்.
"அக்கா" என்றான். நிறுத்தினான்.
"அம்மா" என்றான். நிறுத்தினான்.
அப்புறம் சும்மா இருந்தான்.
அது மட்டும் நன்றாகக் கேட்டது.

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை எனக்கு.
ஓட்டை கண்டால் பக்கத்தில்
சின்னதாய்ச் சிவப்பு அம்பு ஒட்டுவேன்.
ஓட்டையை மூடி ஒட்டுவதில்லை.
அப்படித்தான் அவனுக்கும் காட்டினேன்:

மகன் கூப்பிட்டால் எந்தத் திசை என்று தெரியாமல்
இரண்டு ரூம் வீட்டுக்குள் சுற்றி வருவதை.
ஒறம்பரை எல்லாரும்
மூணேகால் பவுனை விசாரித்ததை,
காதை ஒருவரும் விசாரிக்காததை.
ராத்திரியில் நல்ல காதைத் தலகாணியில் அமுக்கி
உலகத்தை அணைத்துவிட்டுத் தூங்குவதை.
அப்படிப் படுத்தால்தான் பைக் சத்தம் வராது.

பிறகு,
வந்ததே இதற்குத்தான், கேட்டேன்:
"நான் உழுந்ததத் திரும்பிப் பாத்தியா?"

கதவோரத்தில் அவன் அம்மா
வேண்டாம் என்பதுபோலத் தலையசைத்தாள்.
"பாத்தனுங்" என்றான்.
"நீங்க எந்திரிக்கலீங். பாத்துட்டுத்தான் போனேன்."

எந்த வக்கீலும் கேட்காத கேள்வி.
மூன்று வருடம் எனக்கு நானே
ஒரு நாள் பார்த்தான் என்றும்
ஒரு நாள் பார்க்கவில்லை என்றும் சொல்லிக்கொண்டது.
பொய் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன்.
உண்மை சொன்னதற்கு
அவனை அறையலாம் போலிருந்தது.
இரண்டும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

மன்னிப்பு என்ற சொல்லை மேடம் எடுக்கவில்லை.
நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.
காது மெசினுக்கு மாதம் ஆயிரத்து ஐந்நூறு,
காகிதத்தில் அவன் கையெழுத்து, என் கையெழுத்து.
காகிதத்தில் எழுதாத ஒன்றைப்
படியிறங்கும்போது சொன்னேன்:
"வண்டி ஓட்டுனா,
பொம்பள முன்னால நடந்து போனா,
தூரத்துலயே ஹாரன் அடி."

முதல் மாதம் பணம் வந்தது. அடுத்த மாதமும்.
மூன்றாவது மாதம் வரவில்லை.
நான்காவது மாதம் ஐந்நூறு ரூபாயும் ஒரு மெசேஜும்:
டையிங் பட்டறை மூடிட்டாங்க, தந்துருவனுங்.
நம்புகிறேனா, தெரியவில்லை.
மகனுடைய பழைய நோட்டில்
பாக்கி என்று எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று ஷிப்ட் முடிந்து வரும்போது ஒரு ஹாரன்.
முன்னாலா பின்னாலா,
எனக்கா வேறு யாருக்கோவா, புரியவில்லை.
கை கழுத்துக்குப் போனது.
பாதி வழியில் என்ன நினைத்ததோ,
டிபன் பையை
மறு தோளுக்கு மாற்றிக்கொண்டது.