பண்ணைப் பாலத்தில் நாற்பது மைல்

"உன்ர சொமசெற் காரே இல்லையடா,
தகர அலுமாரிக்கு ஆரோ சில்லுப் பூட்டியிருக்கிறாங்கள்"
என்றான் யூஜின்.
அவனுடைய மொறிஸ் மைனர் கொட்டடியில் ஸ்ராட் எடுத்தால்
குருநகரில் கொடியில் காய்கிற உடுப்பை எடுப்பினம்,
இடி இடிக்குது, மழை வருமெண்டு.
அதை நான் சொன்னேன்.
நிமலதாசன் சிரித்த சிரிப்பில்
தேத்தண்ணி முழுக்க அவனுடைய ஹில்மன் பொனற்றில்.
"அப்பாடா, ஒருக்கால் கழுவுப்பட்டுது பாவம்"
என்றோம் இருவரும், ஒரே வாயில்.

ஞாயிறு, காலை ஆறரை.
இரு பக்கமும் முழங்கால் ஆழக் கடல்.
களங்கண்டித் தடிகளில் சிறகு விரித்தபடி நீர்க்காகங்கள்.
அல்லைப்பிட்டிச் சந்திவரை ஓட்டம்.
தோற்றவன் தைப்பொங்கல் மட்டும்
வென்ற காரை 'ஐயா' என்று கூப்பிட வேண்டும்.

நடுவர், கனடாவிலிருந்து வந்த கஜமுகன்.
போனில் தன்ர மஸ்ராங்கைக் காட்டினான்:
எட்டுச் சிலிண்டர், நானூறு குதிரை.
"நானூறுக்கும் ஆர் புல்லுப் போடுறது?"
நிமலதாசன் கேட்டான்.
"எங்கட நாற்பதும் மண்ணெண்ணெய் குடிச்சு வளந்ததுகள்,
பெற்றோலை மூக்கில மட்டும் காட்டி."
கஜமுகன் பதில் சொல்லவில்லை.
இரவோடிரவாக அவனைக் கிளாலிக்குக் கொண்டுபோய் விட்டது
இதே ஹில்மன்தான்.

பாதிப் பாலத்தில் என் கார் இருமியது.
பிறகு அதுவும் இல்லை.
மொறிஸ் என்னைக் கடந்தது, ஹோன் அடித்து,
கை காட்டி, நாக்கு நீட்டி.
கடந்து,
நின்று,
பின்பக்கமாகவே வந்தது.
"பிணத்துக்குப் பவுடர் பூசி வைச்சிருக்கிறாய்."
பொனற்றுக்குள் தலையை விட்டுத் திட்டித் தீர்த்துவிட்டு
தன் காரின் ரோட்டரைக் கழற்றி
எனக்குப் பூட்டினான்.
"ஏறு. உந்த நிமலன் வெல்லக்கூடாது."

நிமலதாசன்,
சந்திக்கு நூறு யார் இருக்க,
கரையில் நிறுத்திக் கச்சான் உடைத்துக்கொண்டிருந்தான்.
"சூடாகிப் போச்சடாப்பா" என்றான்.
நான் ரேடியேற்றர் மூடியைத் தொட்டுப் பார்த்தேன்.
வெறுங்கையால் திறக்கலாம்.
ஒன்றும் கேட்காமல் ஒரு பிடி கச்சான் எடுத்தேன்.

திரும்பும்போது
ஒரு ரோட்டர், இரண்டு கார்.
மொறிஸைக் கயிற்றில் கட்டி இழுத்தேன்.
ஊர்காவற்றுறை பஸ் பின்னால் நின்று கத்தியது.
அதற்கு மேலால் யூஜின் கத்தினான்,
யன்னலுக்கு வெளியே பாதி உடம்பு:
"கியரை மாத்தடா விசரா! கயிறு தொய்யுது!"
பிறகு, கொஞ்சம் தாழ்ந்த குரலில்,
"மெல்ல, ஐயா, மெல்ல."

எனக்குச் சொல்லியிருக்க மாட்டான்.